வெயில், குளிர், சூரியப் புயல்: நம் இரத்தக் குழாய்களில் நடப்பது என்ன?



2024-ஆம் ஆண்டு மே மாதத்தில், எங்கள் ஆண்கள் வார்டில் ஒரு பெண்மணி கேட்ட கேள்வியிலிருந்து இக்கட்டுரை பிறந்தது. அவருடைய மாமனார், ஒரு கிராமச் சபையின் மூப்பர், வலது கையும் வலது காலும் விழுந்த நிலையில் படுத்திருந்தார். பேச்சு குழறியது. கட்டிலருகே ஒரு செய்தித்தாள் கிடந்தது. சூரியனிலிருந்து கிளம்பிய பெரும் புயல் மே 10, 11 தேதிகளில் பூமியைத் தாக்கியதாகவும், லடாக்கிலுள்ள ஹான்லே என்னுமிடத்தில் இரவு வானம் சிவந்து காணப்பட்டதாகவும் அதில் செய்தி வந்திருந்தது. அதைக் காட்டி, "ஐயா, இந்தச் சூரியப் புயல்தான் எங்க மாமாவை அடிச்சுப் போட்டுட்டுதா? இல்லே, அக்கினி நட்சத்திர வெயிலா?" என்று கேட்டார்.

அன்று எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. ஜெபித்துவிட்டு வந்தோம். ஆனால் கேள்வி எங்களை விடவில்லை. எங்கள் மருத்துவர்களைக் கேட்டும், நூல்களையும் ஆய்வுகளையும் வாசித்தும் அறிந்துகொண்டதை இங்கே எளிய தமிழில் தருகிறோம். இந்த மருத்துவமனையைத் தாங்கிவரும் உங்களில் அநேகர் அறுபதைத் தாண்டியவர்கள். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள். ஆகவே இது உங்களுக்கும் உரிய காரியம்.

சுருங்கி விரியும் குழாய்கள்

இரத்தக் குழாய் என்றதும் வீட்டுச் சுவரில் ஓடும் தண்ணீர்க் குழாய் நம் நினைவுக்கு வருகிறது. அது தவறான படம். தண்ணீர்க் குழாய் பொருத்திய நாளில் எந்த அளவோ, அதே அளவில்தான் இருக்கும். நம் தமனிகளின் சுவரிலோ தசை இருக்கிறது. அந்தத் தசை இறுகினால் குழாய் சுருங்கும், தளர்ந்தால் விரியும். இரவும் பகலும் இந்த வேலை நாம் அறியாமலே நடக்கிறது. மூளையின் அடிப்பாகத்தில் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி உண்டு. அது சரீரத்தின் உஷ்ணத்தை 37 டிகிரி செல்சியஸை ஒட்டிக் காத்துக்கொள்ளும்படி நரம்புகள் வழியாக இக்குழாய்களுக்கு ஓயாமல் கட்டளை அனுப்புகிறது.

குழாய் சற்றே சுருங்கினால் என்ன ஆகிவிடும் என்று நினைக்கலாம். 1840-களில் புவாசேய் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதற்கு ஒரு கணக்குக் கண்டுபிடித்தார். குழாயின் விட்டம் பாதியானால் அதில் ஓடும் திரவம் பாதியாவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஓட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். அதே அளவு இரத்தத்தை அனுப்ப இருதயம் அவ்வளவு அதிகமாக அழுத்தித் தள்ள வேண்டும். ஆகவே வெளியே வீசும் காற்றின் உஷ்ணம் நம் தோலைத் தொடும்போது, அது உள்ளே இருதயத்தின் பாரத்தையே மாற்றுகிறது.

வெயில் செய்வது

வெயிலில் சரீரம் சூட்டை வெளியேற்ற வேண்டும். அதற்காகத் தோலிலுள்ள குழாய்கள் விரிகின்றன. நாம் குளிர்ச்சியான இடத்தில் அமர்ந்திருக்கும்போது தோலுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ கால் லிட்டர் இரத்தமே போகிறது. கடும் வெப்பத்தில் அது ஆறு முதல் எட்டு லிட்டர் வரை உயரக்கூடும். ஓய்வாக இருக்கும் மனிதனின் இருதயம் நிமிடத்துக்கு மொத்தமே ஏறத்தாழ ஐந்து லிட்டர்தான் அனுப்புகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். இருதயம் இரு மடங்குக்கும் மேல் உழைத்தாலொழிய, தோலுக்கும் கொடுத்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் கொடுக்க அதனால் இயலாது. இளைஞனின் இருதயம் இதைச் செய்துவிடும். முதியவருடைய இருதயமும், ஏற்கெனவே பலவீனப்பட்ட இருதயமும் திணறிப்போகும்.

குழாய்கள் விரிவதால் இரத்த அழுத்தம் இறங்குகிறது. உட்கார்ந்திருப்பவர் சட்டென்று எழுந்தால் இரத்தம் கால்களில் தங்கி, மூளைக்குப் போவது குறைந்து, கண் இருண்டு தலை சுற்றுகிறது. கோடை ஆராதனையில் பாட்டுக்கு எழுந்து நிற்கும்போது மயங்கி விழுகிறவர்களை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம்.

வியர்வை இரண்டாவது காரியம். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோ கலோரி சூட்டைச் சரீரத்திலிருந்து எடுத்துச் செல்கிறது. இது அருமையான ஏற்பாடு. ஆனால் வெயிலில் கடினமாக வேலை செய்கிறவருக்கு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வை போகலாம். அந்தத் தண்ணீரும் உப்பும் இரத்தத்திலிருந்தே போகின்றன. திரும்ப ஊற்றாவிட்டால் இரத்தம் கெட்டியாகிறது, அணுக்கள் நெருங்குகின்றன, கட்டி உறைய வாய்ப்பு உண்டாகிறது. வெயில் நாட்களில் சூட்டினால் மயங்குகிறவர்கள் மாத்திரமல்ல, மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் வருகிறவர்களும் மிகுவதற்கு இதுவும் ஒரு காரணம். கடற்கரை ஊர்களில் காற்றே ஈரமாயிருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடிவிடுகிறது. தண்ணீர் போகிறது, சூடு போவதில்லை.

வேதத்திலே சூனேம் ஊராளின் மகனை நீங்கள் அறிவீர்கள். அறுப்புக் காலத்தில் தகப்பனிடம் வயலுக்குப் போன சிறுவன் தலை நோவதாகச் சொன்னான். நடுப்பகலில் தாயின் மடியிலே மரித்தான். அது வெயிலின் தாக்குதல் என்று வேத விளக்கவுரையாளர் பலர் கருதுகின்றனர். அறுப்புக் களத்துக்கும் நடுப்பகலுக்கும் உள்ள அந்த ஆபத்து இன்றும் மாறவில்லை.

நம் நாட்டில் இதைக் கண்திறந்து காட்டியது அகமதாபாத் நகரம். 2010 மே மாதத்தில் அங்கே வெப்பம் 46.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. வழக்கமாக அம்மாதத்தில் நிகழும் மரணங்களைவிட அந்த ஆண்டு 1,344 மரணங்கள் அதிகம் என்று பின்னர் கணக்கிட்டார்கள். வெயிலால் மரிக்கிறவர்களில் பலருடைய மரணம் வெயிலின் பெயரில் பதிவாவதில்லை. இருதய நோய் என்றோ முதுமை என்றோ பதிவாகிவிடும். ஆகவேதான் மொத்த மரணங்களை எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. அதன்பின் 2013-ல் அந்நகரம் வெப்பத்துக்கென ஒரு செயல் திட்டம் வகுத்தது. முன்கூட்டியே எச்சரிக்கை, குடிநீர்ப் பந்தல், மருத்துவப் பணியாளருக்குப் பயிற்சி ஆகியவை அதில் அடங்கும். தமிழ்நாடு அரசும் 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

குளிர் செய்வது

நம்மில் பலருக்கு ஆச்சரியமாயிருக்கும்: உலகக் கணக்கில் வெயிலைவிடக் குளிரே அதிகம் பேரைக் கொண்டுபோகிறது. 13 நாடுகளில் 1985 முதல் 2012 வரை நிகழ்ந்த 7 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட மரணங்களை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2015-ல் வெளிவந்தது. அவற்றில் ஏறத்தாழ 7.3 சதவீதம் குளிரோடும், 0.4 சதவீதம் வெயிலோடும் தொடர்புடையவை என்று அது கண்டது. அதிலும் பெரும்பங்கு கடுங்குளிரால் அல்ல, மிதமான குளிரால். இந்தியாவைக் குறித்து 2018-ல் வெளிவந்த ஆய்வும் இதே திசையைக் காட்டியது. வெயிலின் எண்ணிக்கை சிறிதாயிருந்தாலும், அது சில நாட்களுக்குள் கூட்டமாக வந்து விழுவதால் தனிக் கொடுமையுடையது.

குளிரில் தோலின் குழாய்கள் சுருங்குகின்றன. தோலிலிருந்த இரத்தம் உள்ளே தள்ளப்படுகிறது, அழுத்தம் ஏறுகிறது. லண்டனில் கீட்டிங் என்ற உடலியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் 1984-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சிலரை மெல்லிய உடையில், 24 டிகிரி காற்று வீசும் இடத்தில், ஆறு மணி நேரம் இருக்கச் செய்தார்கள். நமக்கு அது குளிரே அல்ல. என்றாலும் அவர்களுடைய மேல் அழுத்தம் சராசரியாக 126-லிருந்து 138-ஆக உயர்ந்தது, இரத்தம் கெட்டிப்பட்டது, இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் பெருகின. ஒரே சமயத்தில் அழுத்தமும் ஏறி, இரத்தமும் கெட்டியாவது இருதயத்துக்கும் மூளைக்கும் ஆபத்தான சேர்க்கை.

நம் ஊரில் பனி விழாது. ஆனால் மார்கழி அதிகாலையில் தலையில் ஒரு துண்டுகூட இல்லாமல் கேரல் பவனியில் வருகிற தாத்தாக்களையும், வெந்நீர் வைக்கச் சொல்லச் சங்கடப்பட்டு விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு ஆராதனைக்கு ஓடிவருகிற பாட்டிமாரையும் நாம் அறிவோம். இரத்த அழுத்தம் விழித்தெழும் நேரத்தில் இயல்பாகவே ஏறுகிறது. அதன்மேல் குளிரையும் ஏற்றக் கூடாது. ஒரு சால்வை, தலைக்கு ஒரு மப்ளர், ஒரு வாளி வெந்நீர்: இவை சோம்பேறித்தனத்தின் அடையாளம் அல்ல.

ஒளியில் ஒரு நன்மை

சூரியனைப் பயத்தோடு மாத்திரம் பார்க்க வேண்டியதில்லை. இரத்தக் குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவை உண்டாக்குகிறது. குழாயின் தசையைத் தளர்த்துவது அதுவே. அதைக் கண்டறிந்த பணிக்காக அமெரிக்க அறிஞர் மூவருக்கு 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் பொருளின் ஒரு சேமிப்பு நம் தோலிலும் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 24 பேரிடம் செய்யப்பட்டு 2014-ல் வெளிவந்த சோதனையில், சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிரின் ஒரு வகை தோலில் பட்டபோது, அந்தச் சேமிப்பு இரத்தத்தில் இறங்கிக் குழாய்களை விரித்து, அழுத்தத்தைச் சிறிதளவு குறைத்தது தெரியவந்தது. இதற்காக யாரும் உச்சி வெயிலில் நிற்க வேண்டாம். மாத்திரைக்குப் பதிலாக வெயில் காயவும் வேண்டாம். காலை இளவெயிலில் ஒரு நடை நல்லது என்று பெரியவர்கள் சொல்லிவந்ததற்கு உள்ளே ஒரு காரணம் உண்டு என்றறிந்தால் போதும்.

சூரியப் புயல் செய்வது என்ன?

இப்போது அந்த மருமகளின் கேள்விக்கு வருகிறோம்.

சூரியனின் முகத்தில் கரும்புள்ளிகள் தோன்றி மறைகின்றன. அவை ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. நம் கொடைக்கானலில் 1899-ல் நிறுவப்பட்ட வானாய்வுக்கூடம் நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படம் பிடித்துவருகிறது. 2023 செப்டம்பர் 2-ல் சூரியனை ஆராய ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, நம் செங்கோட்டையைச் சேர்ந்தவர். கரும்புள்ளிகள் மிகுந்த காலத்தில் சூரியனிலிருந்து மின்னேற்றமுள்ள துகள்கள் பெருந்திரளாக வெடித்துக் கிளம்பி, ஓரிரு நாட்களில் பூமியை வந்தடையும். அப்போது பூமியின் காந்தப் புலம் குலுங்குகிறது. இதைத்தான் காந்தப் புயல் என்கிறார்கள். 1859-ல் வந்த புயல் தந்திக் கம்பிகளைக் கலங்கடித்தது. 1989 மார்ச்சில் வந்த புயல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 60 லட்சம் மக்களை ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் இருளில் வைத்தது. கம்பிகளை அது தாக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. நரம்புகளையும் குழாய்களையும் தாக்குமா என்பதுதான் கேள்வி.

இக்கேள்வியைப் பெரிதாக எழுப்பியவர் ரஷ்ய அறிஞர் சிழெவ்ஸ்கி. 1897-ல் பிறந்த அவர், கொள்ளைநோய்களும் மக்கள் கிளர்ச்சிகளும்கூடச் சூரியப் புள்ளிகளோடு ஏறி இறங்குகின்றன என்று எழுதினார். 1942-ல் கைதாகி முகாம்களில் ஆண்டுகளைக் கழித்தார். அவருடைய பல முடிவுகளை இன்று விஞ்ஞானிகள் ஏற்பதில்லை. ஆனால் கேள்வியை அவர்கள் தள்ளிவிடவும் இல்லை.

2014-ல் வெளியான ஓர் ஆய்வில், ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியா, நியூஸிலாந்திலும் பக்கவாதம் கண்ட 11,453 பேரின் விவரங்களை ஆராய்ந்து, காந்தப் புயல் நாட்களில் பக்கவாத அபாயம் 19 சதவீதம் கூடுகிறது என்றார்கள். 2019-ல் அமெரிக்காவின் 263 நகரங்களை ஆராய்ந்தவர்கள், காந்தக் குலுக்கத்தோடு மரணங்களும் சற்றே கூடுவதாகக் கண்டார்கள். இருதயத் துடிப்புக்குத் துடிப்பு இயல்பாக இருக்க வேண்டிய சிறு வேறுபாடு அந்நாட்களில் குறைவதாகவும் சில ஆய்வுகள் சொல்கின்றன. வேறு ஆய்வுகளிலோ இப்படிப்பட்ட தொடர்பு எதுவும் காணப்படவில்லை.

இவற்றை எப்படி எடுத்துக்கொள்வது? மூன்று காரியங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, காந்தப் புயல்கள் மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டியே அதிகம் வருகின்றன. பல நாடுகளில் பருவம் மாறும் காலமும் அதுவே. ஆகவே புயலின் விளைவு எது, மாறும் தட்பவெப்பத்தின் விளைவு எது என்று பிரித்தறிவது கடினம்.

இரண்டாவது, புயலின் வேகம் துருவங்களை ஒட்டிய நாடுகளில்தான் மிகுதி. நாமோ பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் வாழ்கிறோம். அக்கோடு தென்கோடியை ஒட்டிச் செல்வதால்தான் 1960-களில் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா ஏவுதளத்துக்குத் தெரிந்துகொள்ளப்பட்டது. அங்கிருந்த மீனவ மக்கள் தங்கள் மகதலேனா மரியாள் ஆலயத்தையே அப்பணிக்கு விட்டுக்கொடுத்தார்கள். 1963 நவம்பர் 21-ல் அங்கிருந்து முதல் ராக்கெட் பறந்தது.

மூன்றாவது, அளவு. நம் பகுதியில் பூமியின் காந்தப் புலத்தின் வலிமை ஏறத்தாழ 40,000 நானோ டெஸ்லா. 2024 மே மாதத்து மாபெரும் புயல் அதை மாற்றியது ஒரு சதவீத அளவே. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும்போது நோயாளி படுத்திருப்பதோ, பூமியின் புலத்தைவிட முப்பதாயிரம் மடங்குக்கும் அதிக வலிமையுள்ள காந்தத்துக்குள்ளே. அங்கே காந்தம் நிலையாக இருக்கிறது, புயலில் ஏறி இறங்குகிறது. ஆகவே இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல. ஆனாலும் அச்சத்தைத் தணிக்க இந்த ஒப்பீடு உதவும்.

அந்த 19 சதவீதத்தையே முழு உண்மையாக எடுத்துக்கொண்டாலும், உயர் இரத்த அழுத்தத்தின் முன் அது சிறியது. உலகில் நிகழும் பக்கவாதங்களில் ஏறத்தாழப் பாதிக்கு உயர் இரத்த அழுத்தம் காரணமாகிறது. சூரியனை நம்மால் நிறுத்த முடியாது. அழுத்தத்தையோ, தினமும் ஒரு மாத்திரையால் கட்டுக்குள் வைக்கலாம்.

இரண்டு ஸ்ட்ரோக்குகள்

மூப்பர் வீட்டில் அன்று நடந்ததை மருமகள் பின்னர் விவரமாகச் சொன்னார். காலை ஏழரை மணிக்குக் காப்பி குடிக்கையில் டம்ளர் கையிலிருந்து நழுவியது. வாய் ஒரு பக்கம் இழுத்தது. பேச்சு குழறியது. அக்கம்பக்கத்தார் கூடி, "வெயில் ஸ்ட்ரோக்" என்றார்கள். நாளெல்லாம் அந்தச் சொல்லையே கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. தலையில் தண்ணீர் ஊற்றினார்கள், மோர் கொடுத்தார்கள், நிழலில் படுக்கவைத்தார்கள். எங்களிடம் கொண்டுவந்தபோது மாலை நான்கு மணி.

இங்கேதான் ஒரு சொல் நம்மை ஏமாற்றுகிறது. வெயில் ஸ்ட்ரோக் வேறு. மூளையில் வரும் ஸ்ட்ரோக்காகிய பக்கவாதம் வேறு. செய்தித்தாள்களும் முதலாவதை "வெப்பப் பக்கவாதம்" என்று எழுதிவிடுவதால் குழப்பம் இன்னும் மிகுகிறது.

வெயில் தாக்கியவருக்குச் சரீரம் நெருப்பாய்க் கொதிக்கும்; உஷ்ணம் 40 டிகிரிக்கு மேல் போகும். புத்தி தடுமாறும், பிதற்றுவார், வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம். அவரை உடனே நிழலுக்குக் கொண்டுபோய், ஆடையைத் தளர்த்தி, சரீரம் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை குளிரச்செய்வதை நிறுத்தக் கூடாது.

பக்கவாதத்தில் சரீரம் கொதிப்பதில்லை. ஒரு பக்கம் விழுகிறது. சிரிக்கச் சொன்னால் வாய் கோணும். இரு கைகளையும் தூக்கச் சொன்னால் ஒன்று தாழும். பேசச் சொன்னால் குழறும். இம்மூன்றில் ஒன்றைக் கண்டாலும் அந்த நிமிடமே புறப்பட வேண்டும். குழாயில் அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தை, முதல் அறிகுறி தோன்றிய நான்கரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து, இரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்யவும் நேரம் வேண்டும். குழாய் வழியே கட்டியை எடுக்கும் சிகிச்சை சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடப் பயன்படும். ஆனால் எல்லாருக்கும் அல்ல, எல்லா ஊர்களிலும் அல்ல.

இன்னொன்று: பேச்சுக் குழறுகிறவருக்கோ மயங்கியவருக்கோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள். விழுங்கும் தசையும் தளர்ந்திருக்கும். மோர் நுரையீரலுக்குள் போய்விடும். அன்போடு கொடுத்த ஒரு டம்ளரே ஆபத்தாகலாம்.

நாங்கள் சொல்லாமல் விட்டது

இதை எழுத எங்களுக்குத் தயக்கம் உண்டு. ஆனாலும் எழுதுகிறோம்.

அந்த ஏப்ரல் மாதக் கடைசியில் நாங்கள் மூப்பர் வீட்டுக்குச் சென்றிருந்தோம். வெயில் கொளுத்திய நேரம். எழுந்தால் தலை சுற்றுகிறது என்றார். அழுத்தம் பார்த்ததில் குறைவாக இருந்ததாம். "வெயில் காலத்துல பிரஷர் தானாக் குறைஞ்சிடுது ஐயா, மாத்திரையை நிறுத்திட்டேன்" என்றார். நாங்கள் தலையசைத்துவிட்டு, வேறு காரியம் பேசி, ஜெபித்து எழுந்துவந்தோம்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. கோடையில் குழாய்கள் விரிவதால் அழுத்தம் குறைவது மெய். நீர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வியர்வையும் சேரும்போது அது அளவுக்கு மீறிக் குறையலாம். அப்படியானால் மருத்துவர் அளவைக் குறைப்பார். சில வாரங்களுக்கு ஒரு மாத்திரையை மாற்றுவார். ஆனால் தானாக நிறுத்துவது வேறு காரியம். மே மாத நடுவில் கோடை மழை பெய்தது, ஊர் குளிர்ந்தது. விரிந்த குழாய்கள் மறுபடியும் சுருங்கும் நேரத்தில் காவலாயிருக்க வேண்டிய மாத்திரை அவரிடம் இல்லை. வார்டுக்கு வந்தபோது அவருடைய மேல் அழுத்தம் 200-ஐத் தாண்டியிருந்தது.

மாத்திரை இருந்திருந்தால் நிச்சயம் தப்பியிருப்பார் என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். ஆனால் "மூப்பரே, டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்" என்ற ஒரு வார்த்தையை நாங்கள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றுமுதல், எந்த வீட்டுக்குச் சென்றாலும் மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று கேட்காமல் நாங்கள் எழுந்துவருவதில்லை.

வீட்டில் செய்யத்தக்கவை

கோடையில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெயிலில் வேலையையும் பயணத்தையும் தவிர்க்கவும். வயலிலும் கட்டடத்திலும் வேலை செய்கிறவர்களை அந்நேரத்தில் ஓய்வெடுக்க விடுங்கள்.

தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். முதுமையில் தாக உணர்வே மங்கிப்போகிறது. தண்ணீர், உப்பிட்ட நீர்மோர், நீராகாரம் நல்லவை. இருதயம் பலவீனப்பட்டவர்களும் சிறுநீரக நோயாளிகளும் மாத்திரம், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

படுக்கையிலிருந்து எழும்போது முதலில் உட்கார்ந்து, ஒரு நிமிடம் பொறுத்து, பின்பு நிற்கவும்.

பருவம் மாறும்போது, கோடைத் தொடக்கத்தில் ஒருமுறையும் மழைக்காலத் தொடக்கத்தில் ஒருமுறையும் அழுத்தத்தைப் பார்த்து, மாத்திரையின் அளவை மருத்துவரிடம் காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள்.

தனியே வாழும் முதியவர் உங்கள் தெருவில் இருந்தால், வெயில் நாட்களிலும் மழைக்குளிரிலும் ஒரு வேளையாவது கதவைத் தட்டிப் பாருங்கள்.

சூரியப் புயல் என்று செய்தி வந்தால், வழக்கம்போல் மாத்திரை சாப்பிட்டு வழக்கம்போல் உறங்குங்கள்.

மூப்பர் இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். பேச்சு பெரும்பாலும் தெளிந்துவிட்டது. வலது கை முழுதும் திரும்பவில்லை. இடது கையால் கையெழுத்திடப் பழகிக்கொண்டார். அவரைப் பார்க்கச் சென்ற அன்று அவருடைய மருமகளுக்கு எங்கள் பதிலைச் சொன்னோம்: "அம்மா, சூரியப் புயல் இல்லை. வெயில் மட்டும் என்றும் சொல்ல முடியாது. நிறுத்திய மாத்திரையும், வீணாய்ப்போன எட்டரை மணி நேரமும்தான். அதில் எங்களுக்கும் பங்குண்டு." அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு அலமாரிக்குப் போய் மாத்திரைப் பெட்டியை எடுத்து, மாமனாரின் இடது கையில் வைத்தார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கும். இன்று அதைத் திறந்து பாருங்கள்.

அன்புடன்,
மருத்துவமனைப் போதகர்